கிறுக்கினால் துடைக்கலாம், கீறினால்?

குலசேகரத்தில் இருந்து திற்பரப்பு அருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டி உங்களுக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். அதன் உள்பக்கம்தான் உங்களுக்குச் சொந்தம். வெளிப்பக்கம் ஊருக்குப் பொது. தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே யாரோ ராவோடு ராவாக வந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும், எந்த வருஷம் வரை அந்தச் சுவர் தங்களுக்கு என்பதையும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டைத் திறந்தால் சுவர் 'புக்கிங்' ஆகியிருக்கும். அதற்கு மேல் மைதாப் பசையில் டியூஷன் நோட்டீஸ். அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி. சீசன் தொடங்கிவிட்டால் வேன் வேனாக வருகிற பையன்கள் பங்குக்கு ரெண்டு பெயர், நடுவில் ஒரு ஹார்ட்டின், அதைத் துளைத்துக்கொண்டு ஓர் அம்பு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிவைத்த புண்ணியவான், சுவர்க்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் சுவரும் இந்த ரகம்தான். பெயிண்ட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். 'ஆன்ட்டி கிராஃபிட்டி கோட்டிங்'காம். எதை எழுதினாலும் துணியால் துடைத்தால் போய்விடுமாம். விலையைச் சொன்னதும் டப்பா வந்த வழியே அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் விஷயம் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. கிடைத்ததை எல்லாம் படித்தேன். பெயிண்டர்களைப் பிடித்துக் கேட்டேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிமெண்டுச் சுவருக்கு இது நல்ல சரக்கு. கோயில் கல்லுக்கும் பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில், கிறுக்கல் ஏன் போக மாட்டேன் என்கிறது?

சிமெண்டுப் பூச்சு கைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்க நுண்துளைகள். ஸ்பிரே கேனில் இருக்கிற பெயிண்டில் மூன்று சங்கதி: நிறம் தருகிற பொடி, அதைப் பிடித்து நிறுத்துகிற பிசின், ரெண்டையும் நீர்த்துப் போகச் செய்கிற கரைப்பான். சுவரில் பட்டதும் கரைப்பான் அந்தத் துளைகளுக்குள் புகுந்துகொள்கிறது, பொடியையும் பிசினையும் கூடவே இழுத்துக்கொண்டு. பிறகு அது மட்டும் ஆவியாகிவிடும். உள்ளே போனவை உள்ளேயே உறைந்துவிடும். எமல்ஷன் அடித்த சுவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். கரைப்பான் நம் எமல்ஷனையே கொஞ்சம் இளக்கி, அதோடு கலந்து ஒன்றாகிவிடுகிறது. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தால் கிறுக்கலோடு நம் பெயிண்டும் சேர்ந்து வரும். வராத மிச்சம் நாலு மடங்கு அகலத்துக்கு இழுவிக்கொண்டு நிற்கும். துடைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், எழுத்து போயிருக்கும், எழுத்தின் நிழல் போயிருக்காது. 'இங்கே ஏதோ எழுதியிருந்தது' என்று ஊருக்கே சொல்கிற நிழல் அது. பல சுவர்களில் அந்த நிழலைப் படித்தே பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூச்சுக்காரர்கள் இதற்கு ரெண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, நிரந்தரப் பூச்சு. பெரும்பாலும் பாலியூரித்தேன். ரெண்டு டப்பாவாக வரும், ரெண்டையும் அளவு பார்த்துக் கலந்தால் ரசாயன வினை தொடங்கிவிடும், குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். காய்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. அந்த வலையைச் சாதாரணக் கரைப்பானால் பிரிக்க முடியாது. அதனால் மேலே இருக்கிற கிறுக்கல் மட்டும் கரைந்து வரும், அடியில் இருக்கிற பூச்சு அசையாது. சிலிக்கோனும் ஃப்ளூரினும் சேர்ந்த ரகங்கள் இன்னும் ஒரு படி மேல். சேம்பு இலை மேல் தண்ணீர் உருண்டு ஓடுகிற மாதிரி, பெயிண்ட் பரவிப் பிடிக்கவே தயங்கும். மார்க்கர் கோடு திட்டுத் திட்டாகக் கூடிக்கொள்ளும். போஸ்டர் பசையும் சரியாகப் பிடிக்காது. இந்த ரகம் ஒருமுறை அடித்தால் பலமுறை துடைக்கலாம்.

இன்னொன்று, தன்னையே பலி கொடுக்கிற பூச்சு. மெழுகு, அக்ரிலிக், தாவரச் சர்க்கரைப் பொருட்கள் இப்படி எதையாவது வைத்து ஒரு மெல்லிய படலம். கிறுக்கல் அதன் மேல்தான் உட்காரும். வெந்நீரை அழுத்தத்தில் பீய்ச்சினால் படலம் இளகி வழிந்துவிடும், கிறுக்கலும் அதோடு போகும். பிறகு அந்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். செலவு குறைவு, சுவருக்குக் கெடுதலும் குறைவு. ஆனால் வெந்நீர் பீய்ச்சும் மிஷினும், அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளும் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். நம் பக்கம் கார் கழுவுகிற இடத்தில் இருப்பது பச்சைத் தண்ணீர் மிஷின்தான்.

இந்த ரெண்டாவது வகையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வெள்ளையடிப்பு வேறென்ன? பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ முன்னால் நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, ஒரு கை அடித்துவிடுவோம். கரி, கைத்தடம், பிள்ளைகள் வரைந்த பிள்ளையார், கடன் கணக்கு எல்லாம் அதற்கு அடியில் போய்விடும். அடுத்த வருஷம் இன்னொரு கை. கிலோ சுண்ணாம்பின் விலையில் வருஷாவருஷம் புதுச் சுவர். சுவர் மூச்சு விடுவதையும் சுண்ணாம்பு தடுக்காது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதிகாரிகள் சுவர் விளம்பரங்களை அழிக்க எடுப்பதும் இன்றைக்கும் வெள்ளைதானே. ஒரே ஒரு கெடுதல் உண்டு. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கோயில் சுவரில் அடித்த வெள்ளைக்கும் காவிப்பட்டைக்கும் அடியில் கல்வெட்டுகளும் ஓவியங்களும் மூடிப்போயின. அந்த வெள்ளையைச் சுரண்டி எடுக்கிறேன் பேர்வழி என்று மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லின் முகத்தையே தேய்த்துவிட்ட கதையும் தமிழ்நாட்டில் நடந்தது. எழுத்து மழுங்கின கல்வெட்டை யாராலும் திரும்பக் கூர்மையாக்க முடியாது.

வெள்ளைக்கு அடுத்து நம்மவர்கள் கண்டுபிடித்தது சாமி டைல்ஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, ஒரு பள்ளிவாசல், மூன்றும் வரிசையாகப் பதித்திருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒண்ணுக்குப் போகிறவனையும் வெற்றிலை துப்புகிறவனையும் தடுக்க வைத்தது. பக்தி ஒரு காவல் என்றால், டைல்ஸின் கண்ணாடிப் பளபளப்பு இன்னொரு காவல். அதில் நுண்துளை கிடையாது. சூளையில் சுட்ட கண்ணாடிப் படலம் கரைப்பானுக்கு அசையாது. துப்பினாலும் எழுதினாலும் ஒரு வாளித் தண்ணீரோ ஒரு மூடித் தின்னரோ போதும். சொல்லப்போனால் பல லட்சம் பேர் புழங்குகிற இடங்களுக்கு விலை உயர்ந்த கோட்டிங்கை விட ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் பதிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

இனி, மூச்சு விடுகிற விஷயம். இதைத்தான் கடைக்காரர் சொல்லவில்லை. சொன்னவர் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்கிற பெயிண்டர்.

"சாரே, அது சொவருக்கு மேல போடுத ஒரு தோலு. சொவரு மூச்சு விடாண்டாமா?"

"சிமெண்டுச் சுவருக்கு என்ன மூச்சு?"

"நம்ம ஊருக்கு வருஷத்துல ரெண்டு மழையாக்கும். அடியில இருந்து ஈரம் ஏறும். வெளிய போக வழி கொடுக்கல்லேன்னா உள்ள இருந்து தள்ளும். கொப்புளம் கொப்புளமா வரும் பாத்துக்கிடுங்க. பொறவு பைசா செலவாக்கி ஒட்டுனத பைசா செலவாக்கி உரிக்கணும்."

இதை விட நன்றாக எந்தப் புத்தகமும் விளக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவத்தின் இடவப்பாதி மழையையும் வாங்குகிறது, ஐப்பசி கார்த்திகை மழையையும் வாங்குகிறது. மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற திற்பரப்பில் சுவர் முழுசாகக் காய்கிற மாதங்கள் கொஞ்சம்தான். ரோட்டோரச் சுவர் ஐப்பசிக்குள் பச்சையாகிவிடும், தை வந்தால் அதே பாசி கறுப்பாகிவிடும். அஸ்திவாரத்தில் இருந்து ஏறுகிற ஈரம் வெளிப்பரப்பு வழியாகத்தான் ஆவியாக வேண்டும். அந்தப் பரப்பைப் பிளாஸ்டிக் படலத்தால் மூடினால், ஈரம் படலத்துக்குப் பின்னால் தேங்கும். ஈரத்தோடு வந்த உப்பும் அங்கேயே படிகமாகும். படிகம் வளர்கிறபோது இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் பூச்சைத் தள்ளும். பூச்சு அசையாவிட்டால் பூச்சுக்குப் பின்னால் இருக்கிற சாந்தைப் பொடிக்கும். சாந்துக்குப் பதில் கல் என்றால் கல்லின் மேல்தோல் உரியும்.

அதனால்தான் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'கிறுக்கல் போகுமா' என்பது இல்லை. 'நீராவியை வெளியே விடுமா' என்பதுதான். சிலேன், சிலோக்ஸேன் வகைகள் படலம் போடாமல் துளைகளின் சுவருக்குள் போய் ஒட்டிக்கொண்டு தண்ணீரை மட்டும் விரட்டும், ஆவியை விடும். ஆனால் சாதாரண ரகங்கள் எண்ணெய்ப் பெயிண்டையும் மார்க்கரையும் அவ்வளவாகத் தடுக்காது. எல்லாவற்றையும் தடுப்பது மூச்சை அடைக்கும், மூச்சு விடுவது எல்லாவற்றையும் தடுக்காது. ரெண்டுக்கும் நடுவில்தான் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்போது அருவிக்கு வருவோம்.

திற்பரப்பு அருவியைப் பார்க்காதவர்களுக்கு: கோதையாறு ஒரே பாறையாகக் கிடக்கிற படுகையில் பரந்து வந்து ஏறக்குறைய ஐம்பதடி கீழே விழுகிறது. மேலே தடுப்பணை. தடுப்பணைக்கும் அருவிக்கும் இடையில் ஆற்றோரமாக மகாதேவர் கோயில், கோட்டை மாதிரி மதிலோடு. சிவராத்திரிக்கு விசிறியும் கையுமாகப் பக்தர்கள் ஓடுகிற சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் இது மூன்றாவது. அடுத்ததான திருநந்திக்கரையில் குடைவரை இருக்கிறது, உள்ளே பழைய ஓவியத்தின் மிச்சங்கள் இருக்கின்றன. மிச்சம் என்றுதான் சொல்ல முடியும், அவ்வளவு மங்கல். கொஞ்சம் தள்ளிப் போனால் சிதறால். ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்தும் சமணச் சிற்பங்களும் இருக்கிற மலை.

இந்த மாதிரி இடங்களில் பாறையை உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்று தெரியும். சுற்றுலா வருகிறவர்களில் பெயிண்ட் டப்பாவோடு வருகிறவன் குறைவு. வண்டிச் சாவியோடு வருகிறவன்தான் அதிகம். கூர்ந்து பார்த்தால் எழுத்து தொடங்குகிற இடத்தில் கோடு ஆழமாக இருக்கும், சாவி வழுக்கின இடத்தில் மெல்லிய வால் மாதிரி இழுத்துப் போயிருக்கும். கருங்கல்லில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் கோடு. பாசி படிந்த பாறை என்றால் கல்லைக் கூடத் தொட வேண்டாம், பாசியை வழித்தாலே பெயர் வந்துவிடும். கற்றாழை மடலில் எழுதினால் அது வடுவாகி, மடல் உள்ளவரை இருக்கும்.

கீறலுக்கு உலகத்தில் எந்தப் பூச்சும் மருந்து கிடையாது. கிறுக்கல் என்பது மேலே ஒன்று கூடுவது, அதைக் கழித்துவிடலாம். கீறலில் கல்லே குறைந்துபோகிறது. குறைந்ததைக் கழுவ முடியுமா? நிரந்தரப் பூச்சு போட்ட இடத்தில் கீறினால் இன்னும் வம்பு. கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

கீறலுக்குப் பழைய உதாரணம் ஒன்று: இலங்கையில் சிகிரியாவில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட காசியப்பன் காலத்தது. செங்கல் சுவர் மேல் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியது என்பார்கள். நம் பத்மநாபபுரம் அரண்மனையில் சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்ட கறுப்புத் தரையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். தூசும் கறையும் ஒட்டாத பரப்பு. ஆனால் அந்த மெருகே ஜனங்களைக் கூப்பிட்டது. குன்றின் மேல் தீட்டியிருந்த பெண்களின் ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள், கீழே இருந்த சுவரில் கூர்மையான எதையோ கொண்டு கவிதை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். முக்கியமாக எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை. பரணவிதான என்ற தொல்லியல் அறிஞர் அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-ல் புத்தகமாக்கினார். சிங்கள மொழியின் பழைய இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்தக் கீறல்கள் இப்போது பொக்கிஷம். அதே சுவரில் 2015-ல் ஓர் இளம்பெண் கீறி எழுதியதற்கு ரெண்டு வருஷம் சிறைத்தண்டனை கிடைத்தது. பிறகு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கவே அந்தப் பெண் வெளியே வந்தார்.

உடனே சில பேர் கேட்பார்கள்: அப்படியென்றால் இன்றைக்கு நான் சிதறால் பாறையில் எழுதுவதும் ஆயிரம் வருஷம் கழித்துப் பொக்கிஷம்தானே? தம்பி, அவர்கள் எழுதியது கவிதை. நீ எழுதுவது உன் பெயரின் முதலெழுத்தும் மொபைல் நம்பரும். மேலும், அவர்கள் எழுதியபோது சுவர் புதுசு. இப்போது அவர்கள் எழுதியதன் மேல்தான் நீ எழுத வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சிதைத்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தத்தின்படி ரெண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பொதுச் சுவர்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு என்று 1959-லேயே ஒரு சட்டம் உண்டு. அதை மீறாத சுவர் ஒன்றை யாராவது காட்டினால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சிங்கப்பூர் 1966-லேயே இதற்குத் தனிச்சட்டம் போட்டு, பிரம்படியையும் அதில் சேர்த்தது. 1994-ல் கார்களில் ஸ்பிரே அடித்த வழக்கில் ஓர் அமெரிக்கப் பையனுக்கு ஆறு அடி விதித்து, அமெரிக்க அதிபரே பேசிப் பார்த்த பிறகு நாலாகக் குறைத்தார்கள். அது அந்த ஊர் வழி.

பூச்சு எங்கே பொருந்தும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல், பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீரை ஒரு குன்றில் இருந்து அடுத்த குன்றுக்குக் கொண்டுபோகிறது. முழுக் கான்கிரீட். மேலே நடந்து போகிறவனுக்குப் பக்கத்திலேயே இடுப்புயரச் சுவர். எழுதுவதற்கு அதை விட வசதி வேறு வேண்டுமா? கீழே தூண்களின் அடிப்பகுதி, படிக்கட்டுச் சுவர் என்று கை எட்டுகிற இடங்கள் உண்டு. 115 அடியையும் யாரும் பூச வேண்டாம், கை எட்டுகிற ஏழெட்டடி போதும். தொட்டியில் ஓடுவது தண்ணீர் என்பதால் கான்கிரீட் எப்போதும் கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும். ஆகவே மூச்சு விடுகிற ரகம்தான் சரிப்படும். ஓரத்தில் ஒரு சதுர அடியில் பூசி, ஒரு முழு மழைக்காலம் விட்டுப் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் தொடலாம்.

கான்கிரீட்டுக்கு இந்த மாதிரிப் பூச்சைப் பெரிய அளவில் போட்ட ஓர் இடம் பெர்லின். ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களுக்காக அங்கே எழுப்பிய நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள். நாஜிச் சின்னத்தை எவனாவது வந்து கிறுக்கிவிட்டுப் போவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கட்டும்போதே பாளங்களுக்குக் கிறுக்கல் தடுப்புப் பூச்சு போட முடிவு செய்து, தெகுஸ்ஸா என்ற கம்பெனியின் புரொடெக்டோசில் என்ற சரக்கை வாங்கினார்கள். வேலை நடந்துகொண்டிருந்த 2003 அக்டோபரில்தான் பூதம் கிளம்பியது. விஷவாயு அறைகளில் பயன்பட்ட சைக்ளோன்-பி என்ற நஞ்சைத் தயாரித்து விற்ற தெகெஷ் கம்பெனியில் தெகுஸ்ஸாவுக்குப் பங்கு இருந்தது. செத்தவர்களின் நினைவுக்கல்லைக் காக்கிற பூச்சு, அவர்களைக் கொன்ற நஞ்சோடு தொடர்புள்ள கம்பெனியிடம் இருந்து. வேலை நின்றது. அறங்காவலர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்தக் கம்பெனிக் குழுமத்தின் வேறு ஒரு பொருள் ஏற்கனவே அஸ்திவாரக் கான்கிரீட்டிலேயே கலந்திருந்தது என்பதும் தெரியவந்தது. பூச்சைச் சுரண்டலாம், அஸ்திவாரத்தை என்ன செய்வது? கடைசியில் நவம்பரில், அதே பூச்சோடு வேலையைத் தொடருவது என்று முடிவானது. 2005 மே மாதம் திறந்தார்கள். ஒரு டப்பா பெயிண்டுக்குள் இவ்வளவு சரித்திரம் இருக்கும் என்று எந்தக் கடைக்காரர் சொல்லப் போகிறார்?

இன்னொரு ஊர்க்கதையையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் சுரங்க ரயில்கள் எழுபதுகளில் உள்ளும் புறமும் கிறுக்கலாக ஓடின. எண்பதுகளின் நடுவில் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கல் விழுந்தால், அதை அழிக்கும்வரை அந்தப் பெட்டி ஓடாது. எழுதியவன் தன் எழுத்து ஊரைச் சுற்றுவதைப் பார்க்கவே முடியாது. 1989 மே 12-ஆம் தேதி, கிறுக்கல் உள்ள கடைசிப் பெட்டியையும் ஓட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். இதில் ரசாயனத்தை விடப் பெரிய வேலை செய்தது அவசரம்தான். நம் பக்கமும் ரயில் கிறுக்கல் வந்துவிட்டது. 2022-ல் கொச்சி மெட்ரோவின் முட்டம் யார்டில் புகுந்து பெட்டியில் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார்கள். அதே வருஷம் அகமதாபாத் மெட்ரோவில் அடித்ததற்கு நாலு இத்தாலியர்களைப் பிடித்தார்கள்.

பூச்சு போட்டாலும் துடைக்க ஆள் வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்பிரே பெயிண்ட் நாள் ஆக ஆக இறுகும். வெயில் பட்டால் இன்னும் வேகமாக இறுகும். விழுந்த ரெண்டு நாளில் துணியோடு வருவது, ரெண்டு மாதம் கழித்து பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் பிடிவாதம் பிடிக்கும். ஆகவே பேரூராட்சி ஒரு சுவருக்கு இந்தப் பூச்சை அடித்துவிட்டு, துடைக்கிறவருக்குச் சம்பளம் ஒதுக்காவிட்டால், அந்தப் பணத்துக்கு சாமி டைல்ஸ் வாங்கியிருக்கலாம்.

ஒரு சின்ன இடைச்செருகல், ரப்பர்க்காரர்களுக்காக. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் உட்புறக் கல்லில் படிந்திருந்த நூற்றாண்டுக் கணக்கான புகையையும் தூசியையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எப்படி எடுத்தார்கள் தெரியுமா? ரப்பர் பாலால். பாலில் சில ரசாயனங்களைச் சேர்த்துச் சுவரில் பீய்ச்சி, காய்ந்ததும் தோலாக உரித்தார்கள். அழுக்கு அதோடு வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், கல்லைத் தேய்க்காமல் சுத்தம். சிரட்டையில் ஒட்டுப்பாலை உரித்துப் பழகின கைகளுக்கு இது புரியும், நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுத்தோலும் கூடவே வரும். ஆனால் இது தூசுக்கும் புகைக்கும்தான், ஸ்பிரே பெயிண்டுக்கு இல்லை. தோட்டத்துப் பாலைக் கோயில் மதிலில் ஊற்றிப் பரிசோதனை செய்ய யாரும் கிளம்ப வேண்டாம்.

கோயில் கல்லில் பெயிண்டோ மார்க்கரோ விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஊர்க்காரர்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது. கம்பி பிரஷ், ஆசிட், உப்புத்தாள், மூன்றும் கிறுக்கலை விடப் பெரிய காயம் செய்யும். போட்டோ எடுத்து, கோயில் நிர்வாகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். தெரிந்தவர்கள் களிமண்ணிலோ காகிதக்கூழிலோ கரைப்பானைக் குழைத்துப் பற்றுப் போட்டு, கறையை மெல்ல வெளியே இழுத்து எடுப்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை, நிழல் கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சும். மிஞ்சட்டும்.

வீட்டுச் சுவருக்கு வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள். சுவரில் உப்பு பூத்திருந்தால் முதலில் ஈரம் வருகிற வழியை அடையுங்கள், கோட்டிங் எல்லாம் பிறகு. கிறுக்கல் எதிர்ப்புக்குப் பரிசோதனை முறை ஒன்று இருக்கிறது, ஏ.எஸ்.டி.எம். டி 6578 என்று பெயர். டப்பாவில் அதைப் போல ஏதாவது சோதனையைக் குறிப்பிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றும் இல்லாமல் 'எதுவும் ஒட்டாது' என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் வார்னிஷாகவும் இருக்கலாம். துடைக்க எந்தக் கரைப்பான் என்பதையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். கையுறை போடாமல் தின்னரைத் தொடாதீர்கள். காம்பவுண்டு முழுக்கப் பூச வேண்டாம், ரோட்டுப் பக்கம், ஆள் உயரத்துக்கு மட்டும் போதும். ஆளுயரக் கோட்டுக்குக் கீழே பளபளப்பும் மேலே மங்கலுமாக ரெண்டு நிறம் மாதிரித் தெரியும். பளபளப்பு இல்லாத ரகம் கேட்டால் அது கொஞ்சம் குறையும்.

நான் இன்னும் வாங்கவில்லை. எங்கள் சுவரில் அடியில் இருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது. அதைச் சரிசெய்யும் வரை வெள்ளைதான். இந்தப் பக்கத்தில், குலசேகரமோ திருவட்டாறோ அருமனையோ, யாராவது இந்தப் பூச்சை அடித்திருந்தால், ரெண்டு மழை தாண்டின பிறகு சுவர் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோவோடு எழுதுங்கள். அடித்த மறுநாள் எடுத்த போட்டோ வேண்டாம், அது கடைக்காரரிடமே இருக்கிறது.